ஆத்தி கேட்டால் அத்தி வந்தது

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவே, எங்கள் பூர்வீகக் கொல்லையில் வீடு கட்டிக் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாசலுக்கும் மதிலுக்கும் இடையே 20 அடி நீளம், 16 அடி அகலத்தில் இடம் விட்டிருக்கிறோம். அங்கே நம் மண்ணுக்குரிய, சிறியதாக நிற்கிற, பூக்கிற மரம் ஒன்று வேண்டும். 34 ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக் கொடுத்தேன். ஆத்தியை ஒரு நாளும் பார்த்ததில்லை. அதனால் ஆத்தியே வைக்கலாம் என்று ஒரு நர்சரியில் கேட்டு வாங்கி, போன ஐப்பசியில் மதிலிலிருந்து 4 அடி தள்ளி நட்டேன். நன்றாக வளர்கிறது. ஆனால் ஆத்தி இலை இரண்டாகப் பிளந்திருக்கும் என்கிறார்கள். இதன் இலை நீளமாக, நுனி கூராக இருக்கிறது. கிள்ளினால் பால் வருகிறது. இது என்ன மரம்? இதற்கு முந்தைய ஆண்டு தை மாதத்தில் வைத்த இரண்டு கொன்றைக் கன்றுகள், தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியும், சித்திரை பிறப்பதற்குள் காய்ந்துவிட்டன. பிடுங்கியபோது வேர் பையின் வடிவத்திலேயே வந்தது. எங்கள் நிலத்தில் ஒன்றரை அடிக்குக் கீழே சுக்கான் கல். போர்வெல் தண்ணீர் உப்பு. 'ஆள் உயரக் கன்றாக வாங்கி வை, சீக்கிரம் பூக்கும்' என்கிறார் என் கணவர். 'சிவனுக்குரிய மரம், வீட்டில் வைக்கக் கூடாது' என்கிறார் பக்கத்து வீட்டம்மா. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் வாசலில் வளர்வது அத்தி. கிள்ளினால் பால் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே எனக்குப் போதும். ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் பால் வடிகிற ஒரே குடும்பம். ஆத்திக்குப் பால் கிடையாது. அது புளிக்கும் கொன்றைக்கும் உறவு. அவரையைப் போலக் காய் விடுகிற இனம்.

நர்சரிக்காரர் உங்களை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அத்திக் கன்றைக் கேட்டு நாலு பேர் வருகிறார்கள். ஆத்தியைக் கேட்டு ஆண்டுக்கு ஒருவர் வந்தால் பெரிது. காதில் விழுந்த நெடில் குறிலாகிவிட்டது. தாவரவியல் பெயரும் இதில் உதவாது. அத்திக்கு ஃபைகஸ் ரெசிமோசா என்று பெயர், ஆத்திக்குப் பாஹினியா ரெசிமோசா. ரெசிமோசா என்றால் கொத்துக் கொத்தானது என்று பொருள். அத்தி அடிமரத்திலேயே கொத்தாகக் காய்க்கிறது. ஆத்தி கிளை நுனியில் கொத்தாகப் பூக்கிறது. பின்பாதியை மட்டும் எழுதிவைத்த சீட்டு ஒன்று கன்றோடு கட்டியிருந்தால், படித்தவர்கூடத் தடுமாறுவார்.

அத்தி நல்ல மரம். காய் பழுத்தால் பறவைகளுக்கு விருந்து. ஆனால் ஐம்பது அறுபது அடி உயர்ந்து, அதே அளவுக்குப் பரந்து நிற்க வேண்டியது. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே அதன் வேர் போகும். மதிலுக்கு 4 அடியில் அதை விட்டுவைத்தால் இன்னும் சில ஆண்டுகளில் முதலில் மதில் விரியும், பிறகு கழிவுநீர்த் தொட்டிக்கு ஆபத்து வரும். வெட்டிவிட வேண்டாம். நட்டு எட்டு மாதம்தான் ஆகிறது, இன்னும் எடுக்கலாம். ஆடியில் இரண்டு மழை பெய்து மண் நனைந்ததும், அடிமரத்தைச் சுற்றி ஒன்றரை அடி விட்டு வெட்டி, மண்ணோடு எடுங்கள். இலையில் பாதியைக் கழித்துவிடுங்கள். கொல்லையின் கடைசியில், வீட்டையும் கிணற்றுச் சுவரையும் விட்டுத் தூரத்தில், மழைநீர் வந்து தேங்கிப் போகிற தாழ்வான மூலை ஒன்று இருக்கும், அங்கே வையுங்கள். அத்தி இடமாற்றத்தைத் தாங்குகிற மரம், பிழைத்துக்கொள்ளும்.

இனி ஆத்திக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்த 34 ஆண்டுக் கணக்குதான். 'ஆத்தி சூடி' என்றால் ஆத்திப் பூவைச் சூடியவன், சிவன். தமிழ்ப் பிள்ளைகள் எழுத்துக் கற்கிற வயதில் வாயில் ஏறுகிற முதல் பூ இது. மல்லிகையும் தாமரையும் பிறகுதான். சோழருக்குரிய மாலையும் இதுதான்: சேரருக்குப் பனை, பாண்டியருக்கு வேம்பு, சோழருக்கு ஆத்தி. பழைய பெயர் ஆர். இத்தனை இருந்தும் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்கு இந்த மரம் தெரிவதில்லை. உங்கள் ஊருக்கு இதில் கூடுதல் உரிமை உண்டு. தகடூர் என்ற பழைய பெயரோடு தருமபுரி இருந்த காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சி நெல்லிக்கனி கொடுத்தது ஔவைக்கு. அந்த ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு. இருவருக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. ஆனாலும் தருமபுரியில் நெல்லிக்கு இருக்கிற பேச்சில் கால்பங்காவது ஆத்திக்கு இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மரத்தை எப்படி அடையாளம் காண்பது? இலைதான் முதல் சாட்சி. மாட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்து இரு மடலாக இருக்கும். நீளத்தைவிட அகலம் சற்று அதிகம். பெரும்பாலும் இரண்டு விரல், மூன்று விரல் அகலத்துக்குள் அடங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் இரண்டு மடலும் புத்தகத்தை மூடுவது போல நடு நரம்பில் மடங்கும். ஜோஹன் பாஹின், காஸ்பர் பாஹின் என்ற அண்ணன் தம்பி இருவரும் தாவரவியல் அறிஞர்கள் என்பதற்காக, ஒரே காம்பில் இரண்டு மடல் கொண்ட இலையுள்ள இந்த இனத்துக்குப் பாஹினியா என்று அவர்கள் பெயரையே சூட்டினார்கள். மராட்டிய நாட்டில் விஜயதசமி அன்று இதே இலையைப் பறித்து, பொன் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுக்கிறார்கள். கிளைகள் நேராகப் போகாது. கோணலாக வளைந்து நுனி தொங்கும். காய் சாண் நீளம் இருக்கும், அரிவாள் போல வளைந்து, முற்றியதும் கறுத்து, மாதக்கணக்கில் மரத்திலேயே தொங்கும். தொங்குகிற கறுப்புக் காயைக் கண்டு 'காய்ந்த மரம்' என்று வெட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த கன்றும் தவறாகவே வரும். பிளந்த இலை உள்ளதெல்லாம் ஆத்தி அல்ல. உள்ளங்கை அகலத்துக்கு இலையும், இளஞ்சிவப்பில் பெரிய பூவும் இருந்தால் அது மந்தாரை. நல்ல மரம்தான், ஆனால் உங்கள் வாசலுக்குப் பெரியது. மஞ்சள் பூ மணி போலக் கவிழ்ந்து, உள்ளே கருஞ்சிவப்புத் திட்டு இருந்தால் அது திருவாத்தி என்றும் காட்டாத்தி என்றும் அழைக்கப்படுகிற செடி. அது பத்தடிக்கு மேல் அரிதாகவே போகும், விரைவாகப் பூக்கும், பூவும் கண்ணைப் பறிக்கும். பல ஊர்களில் அதையே ஆத்தி என்று சொல்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது எது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏனென்றால் ஆத்தியின் பூ பெரிதல்ல. மாசிக் கடைசியில் தொடங்கி ஆனி வரைக்கும், இளமஞ்சளும் வெள்ளையும் கலந்த சின்னச் சின்னப் பூக்கள் நீண்ட கொத்தாக வரும். இதழ்கள் மெலிந்தவை. தெருவில் போகிறவர் நின்று பார்க்கிற மரம் அல்ல இது. ஆனால் சித்திரை வெயிலில், சுற்றிலும் கொல்லை வெறிச்சென்று கிடக்கும்போது, காலையில் இதன் அடியில் போய் நின்று பாருங்கள். தேனீக்களின் ஒலியால் மரமே பேசுவது போல இருக்கும். என்னைக் கேட்டால், பாடிப் பாடிப் பழகிய பூவைக் கண்ணால் பார்க்க விரும்புகிற உங்களுக்கு இதுதான் மரம். கூடவே நிறமும் வேண்டுமென்றால், மதில் ஓரமாக ஒரு திருவாத்தியையும் வைத்துக்கொள்ளலாம். அதன் வேர் மதிலைத் தொந்தரவு செய்யாது.

கொன்றைகள் ஏன் காய்ந்தன என்பதைச் சொல்லாமல் புதுக் கன்று வைக்கச் சொல்வது நியாயமில்லை. வேர் பையின் வடிவத்திலேயே வந்தது என்றீர்கள். அதாவது மூன்று மாதத்தில் ஒரு வேர்கூட உங்கள் மண்ணுக்குள் இறங்கவில்லை. பையிலேயே ஓர் ஆண்டுக்கு மேல் இருந்த கன்றின் ஆணிவேர், அடியை முட்டித் திரும்பி, தலையில் வைக்கிற சும்மாடு போலச் சுருண்டுவிடும். அதை அப்படியே நட்டால் மண்ணில் போட்ட பின்னும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நாற்றங்கால் வேலையில் முப்பது ஆண்டு இருந்தவன் நான். தொடக்கத்தில், உயரமான கன்றே நல்ல கன்று என்று நம்பி, ஒரு கிராமத்துப் பள்ளி வளாகத்துக்கு ஆள் உயரத்தில் நாற்பது கன்று கொடுத்தேன். இரண்டாம் கோடையில் ஆறு மிஞ்சியது. பிடுங்கிப் பார்த்தபோது முப்பத்து நாலிலும் இதே சும்மாடு. அந்தப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றியதெல்லாம் வீணாகப் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம் குறையவில்லை.

அதனால் உங்கள் கணவரிடம் இதை மட்டும் காட்டுங்கள்: ஐயா, ஆள் உயரக் கன்று வேண்டாம். முழங்கால் உயரம் போதும், அதற்கும் குறைவாக இருந்தாலும் நல்லது. தண்டு பென்சில் கனத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும். பையின் அடியிலிருந்து வேர் வெளியே வந்து தரையில் ஊன்றியிருந்தால் அந்தக் கன்று பழையது, வாங்காதீர்கள். சின்னக் கன்று முதல் ஆண்டில் மேலே ஒன்றும் காட்டாது. கீழே வேலை செய்யும். உங்கள் ஊர் போன்ற கரட்டு நிலத்தில், கோடையைத் தாங்குவது உயரம் அல்ல, ஆழம். நான்கு ஐந்து ஆண்டுகளில், சிறியதாக நட்டது பெரியதாக நட்டதை எட்டிப் பிடித்துக் கடந்துபோவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

தை மாதத்தில் நட்டது இரண்டாவது பிழை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. வைகாசியில் கோடை மழை இடியோடு வந்து போகும். ஆடியிலிருந்து கூடிக்கொண்டே வந்து, புரட்டாசி ஐப்பசியில் நன்றாகப் பெய்யும். கார்த்திகைக்குப் பிறகு வானம் மூடிவிடும். தையில் நட்ட கன்றுக்கு வேர் விட நாளே இல்லை. பனியும் காற்றும் போய் நேரே வெயில். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது மரத்துக்கும் பொருந்தும். ஆடிப் பதினெட்டை ஒட்டி நட்டால், அடுத்த மூன்று மாதம் மழையே வேரை இழுத்துக்கொண்டு போகும்.

குழியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், உங்கள் நிலத்தில் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒன்றரை அடிக்குக் கீழே சுக்கான் கல் என்கிறீர்கள். அந்தச் சுண்ணாம்புக் கட்டிப் படுகை சில இடத்தில் ஒரு சாண் கனமாக இருக்கும், சில இடத்தில் மூன்றடி. மதிலிலிருந்தும் வீட்டுச் சுவரிலிருந்தும் எட்டெட்டு அடி விட்டால், இடத்தின் நடுவே ஒரு புள்ளி வரும். மேலே மின்கம்பி போகவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, அங்கே மூன்றடிக்கு மூன்றடி அகலம் வெட்டச் சொல்லுங்கள். மேல் மண்ணை ஒரு பக்கம், கீழ்க் கல்லை ஒரு பக்கம் போடுங்கள், கலக்க வேண்டாம். சுக்கான் தட்டுப்பட்டதும் நிறுத்தாமல், கடப்பாறையால் குத்தி அந்தப் படுகையை உடைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இருக்கிற கரட்டு மண் தெரிகிற வரை போகச் சொல்லுங்கள். குழி முழுவதும் அப்படி உடைக்க முடியாவிட்டாலும், நடுவில் ஓர் அடி அகலத்துக்காவது வழி திறக்க வேண்டும். ஆணிவேருக்கு அந்த ஒரு வாசல் போதும்.

தோண்டிய அன்று மாலை குழியில் ஐந்தாறு குடம் தண்ணீர் ஊற்றி விடுங்கள். மறுநாள் காலையில் வடிந்திருந்தால் இடம் சரி. அப்படியே நின்றால் அது குழி அல்ல, தொட்டி. அதில் எந்த மரத்தை வைத்தாலும் மழைக்காலத்தில் வேர் அழுகும், கோடையில் காயும். இரண்டடி தள்ளி இன்னொரு குழி வெட்டுங்கள். ஆள் கூலி போகும்தான். ஆனால் ஒரு மரத்துக்கு நீங்கள் செய்கிற பெரிய செலவு இது ஒன்றுதான், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

நிரப்பும்போது பலர் செய்கிற தவறு, கல் மண் கெட்டது என்று எண்ணி, வெளியிலிருந்து வண்டல் மண்ணும் உரமுமாக மெத்தை போல நிரப்புவது. கன்று அந்த மெத்தையை விட்டு வெளியே போகாது. உங்கள் மேல் செம்மண் மூன்று பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, இவ்வளவே. புண்ணாக்கு உரத்துக்காக அல்ல, கரையானுக்காக. சுக்கான் கற்களைத் திரும்பக் குழிக்குள் போடாதீர்கள். குழியை நிரப்பிய பின் பத்து நாள் மழையில் அமிழவிட்டு, அதன் பிறகு கன்றை நடுங்கள். பையைக் கிழித்ததும் வேரின் அடியைப் பாருங்கள். சுருள் தெரிந்தால், சுருண்ட அந்த நுனியைக் கூரிய கத்தியால் வெட்டிவிடுங்கள். கை நடுங்கும், பரவாயில்லை, வெட்டுங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் தரையும் இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும்.

அடுத்து தண்ணீர். தினமும் ஒரு செம்பு என்பது அன்பினால் செய்த தீங்கு, அம்மா. ஒரு செம்பு நீர் இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்காது. வேர் அந்த இரண்டு அங்குலத்திலேயே நிற்கப் பழகும், சித்திரை வெயில் முதலில் காயவைப்பதும் அந்த இரண்டு அங்குலத்தைத்தான். அதோடு உங்கள் நீரில் உப்பு வேறு. கொஞ்சமாக ஊற்றினால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலே தங்கும். தரையில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதுதான். வாரம் ஒரு நாள், இரண்டு குடம், மெதுவாக, முழுவதும் உள்ளே இறங்குகிற மாதிரி விடுங்கள். உப்பும் கீழே கழுவிக்கொண்டு போகும். முதல் கோடை முழுவதும் இப்படி. இரண்டாம் கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று குடம், வட்டப் பாத்தியைத் தண்டிலிருந்து இரண்டடி தள்ளி அகலமாக்கி விடுங்கள். மூன்றாம் கோடையில் அதுவே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததற்கு அதுவே காரணம் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. அது நம் பல்லுக்கும் எலும்புக்கும் கேடு. மரத்தைப் பொறுத்தவரை நான் கவலைப்படுவது நீரின் மொத்த உப்பைப் பற்றித்தான். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் நீரையும் சோதிக்கக் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு உப்பு என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். அரிசி கழுவிய நீரும் பருப்புக் கழுவிய நீரும் கன்றுக்குப் போகலாம். சோப்பு நீரும், வீட்டில் குடிநீர் சுத்திகரிக்கும் கருவி இருந்தால் அதிலிருந்து கழிவாக வருகிற நீரும் கண்டிப்பாகப் போகக் கூடாது. பின்னது போர்வெல் நீரைவிட உப்புக் கூடியது.

நட்டதும் ராகித் தாள் இருந்தால் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டு. ஆடுகளுக்கு ஆத்தி இலை பிடிக்கும். மதில் இருந்தாலும் வாசல் கதவு ஒரு நாள் திறந்து கிடந்தால் போதும். முள்ளை வெட்டி நாலு பக்கமும் வைத்துவிடுங்கள். உரம் என்று வேறு எதுவும் வேண்டாம்.

கிளை கழிப்பது மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு. ஆத்தி தானாக விட்டால் தரையிலிருந்தே புதர் போலக் கிளைக்கும். நடந்துபோக வழி வேண்டுமென்றால் ஒரு தண்டை மட்டும் நிறுத்தி, கீழ்க் கிளைகளை ஆண்டுக்கு ஒன்றிரண்டாக, மழைக்காலத் தொடக்கத்தில் எடுத்து, ஆறடி உயரம் வரை வெறுமையாக்குங்கள். தலையை மட்டும் வெட்டாதீர்கள். கோணலைக் கம்பு கட்டி நிமிர்த்தவும் முயல வேண்டாம். அந்த வளைவும் தொங்கலும்தான் ஆத்தியின் அழகு. வீட்டு வாசலில் பன்னிரண்டு, பதினைந்து அடியில் அது நிற்கும். பூவை முதல் மூன்று ஆண்டில் எதிர்பார்க்காதீர்கள். மெதுவாக வளர்கிற மரம் இது.

கன்று எங்கே கிடைக்கும் என்பதுதான் கடினமான கேள்வி. தனியார் நர்சரிகளில் மஞ்சள் டபேபுயா எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்துக் காட்டில் தானாக நிற்கிற ஆத்தியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. முதலில் வனத்துறை நாற்றங்காலில் கேளுங்கள். காப்புக் காட்டுக்குள் போய்க் கன்றைப் பிடுங்கவோ காயைப் பறிக்கவோ வேண்டாம். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அது குற்றம், பிடுங்கின காட்டுக் கன்று பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. கொல்லை ஓரத்திலோ கோயில் நிலத்திலோ நிற்கிற மரம் ஒன்று உங்கள் பழைய மாணவர்கள் யாருக்காவது தெரிந்திருக்கும். முப்பத்து நாலு ஆண்டு மாணவர்கள் என்றால் எத்தனை கிராமம்! அவர்களிடம் இலையின் படத்தைக் காட்டிக் கேளுங்கள்.

மரம் கிடைத்தால் விதை கிடைத்தது. முற்றிக் கறுத்த காயைத் தை மாசியில், உரிமையாளரைக் கேட்டு எடுத்து, உடைத்து விதையை உதிர்த்துக்கொள்ளுங்கள். தோல் கடினமானது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, விதைமேல் ஊற்றி, ஒரு நாள் அப்படியே ஆறவிடுங்கள். ஊறிப் பருத்தவற்றை மட்டும் விதையுங்கள். பருக்காதவற்றுக்கு இன்னொருமுறை அதே வெந்நீர். பை உயரமானதாக இருக்கட்டும், ஒரு பைக்கு இரண்டு விதை, அரை விரல் ஆழம். முளைத்தவுடன் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். இந்த ஆடிக்குள் நல்ல கன்று கிடைக்காவிட்டால் அவசரப்பட வேண்டாம். இந்த ஆடியில் குழியை மட்டும் வெட்டி நிரப்பி வையுங்கள். வருகிற மாசியில் விதை போட்டால், அதற்கு அடுத்த ஆண்டு ஆடிக்கு உங்கள் கையாலேயே வளர்த்த, வேர் சுருளாத கன்று தயாராகிவிடும். நடுவே ஒருமுறை பெரிய பைக்கு மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எங்குமே ஆத்தி அகப்படவில்லை என்றால் வெட்பாலை வையுங்கள். அதுவும் நம் கரட்டு மரம், அளவானது, சித்திரை வைகாசியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். எல்லை தாண்டினால் சென்னபட்டணத்தில் மரப் பொம்மை கடைவது இதன் வெள்ளைக் கட்டையில்தான். அதற்குப் பால் உண்டு, அதைக் கண்டு அத்தி என்று மறுபடி பயந்துவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டம்மா சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆத்தி சிவனுக்குரியது என்பது சரி. திருச்செங்காட்டங்குடிச் சிவன் கோயிலில் தலமரமே ஆத்திதான். சிறுத்தொண்ட நாயனார் வீட்டுக்குப் பைரவர் கோலத்தில் வந்த சிவன் அந்த ஆத்தியின் கீழ்தான் காத்திருந்தார் என்பது வரலாறு. ஆனால் வில்வத்தை வீட்டில் வளர்த்து, நீராடிவிட்டு இலை பறித்துப் பூஜைக்கு வைக்கிற குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன! சிவனுக்கு வைத்த மரத்தின் அடியில் குப்பை கொட்டக் கூடாது, காலால் மிதிபடுகிற இடத்தில் வைக்கக் கூடாது என்பது அந்த அச்சத்துக்குள் இருக்கிற மரியாதை. அதை நீங்கள் எப்படியும் காப்பீர்கள். முதல் பூ வந்ததும் ஒரு கொத்தை அந்த அம்மாவிடம் கொடுத்துக் கோயிலுக்கு அனுப்புங்கள்.

இரண்டு சின்ன விஷயங்கள் மிச்சம். நட்ட பிறகு வருகிற முதல் மாசியில் இலையெல்லாம் கொட்டிவிடும். கொன்றைகளின் நினைவில் நீங்கள் கலங்கிப் போவீர்கள். பிடுங்கிவிடாதீர்கள்; நகத்தால் தண்டின் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. வாரத் தண்ணீரை மட்டும் நிறுத்தாமல் விட்டுவாருங்கள்.

மற்றொன்று, அடுத்த முறை கன்றுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஓர் இலையைக் கிள்ளுங்கள். பால் வரக் கூடாது, நுனி இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும், இரண்டு மடலும் உங்கள் மூன்று விரலுக்குள் அடங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த இலையை ஒரு நாள் புத்தகத்துக்குள் வைத்து அழுத்தி, உறையிலிட்டு எனக்கு அனுப்புங்கள். பார்த்து, மறு தபாலிலேயே எழுதுகிறேன்.